மீன்குட்டைக்குத் தண்ணீர்: திறந்த கிணறா, போரா?

10 சென்ட் குட்டையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே சுமார் 2,000 லிட்டர் போய்விடும். கசிவு தனி. இதை எதிலிருந்து ஈடுகட்டுவது?

போர் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவு. சில இடங்களில் இரும்பும் கலந்து வரும். குழாயை நேராகக் குட்டைக்குள் விடாமல், உயரத்திலிருந்து கல்மேல் விழுந்து சிதறவிட வேண்டும். காற்று கலக்கும், இரும்பும் துருவாகப் படியும். அப்படிச் செய்யாமல் ஒரேயடியாக நிரப்பினால் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்; பார்க்கவே மனசு பதறும்.

திறந்த கிணற்று நீர் இதில் ஓரளவு தேவலை. குட்டையில் கசிவதில் கொஞ்சம் பக்கத்துக் கிணற்றுக்கே திரும்பவும் கூடும். ஆனால் சித்திரையில் கிணறே தரை தட்டிவிடும்.

என்னைக் கேட்டால் கிணறுதான் முதலில். போர் கோடைக்கு மட்டும். மணல் தரையென்றால், அதற்கு முன்பே களிமண் போட்டு இறுக்கிவிடுங்கள்.