14416: என் அண்ணனுக்காக நான் அழைத்த அரசு மனநல உதவி எண்

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, பதினொரு மணி கடந்த பிறகு, மொட்டை மாடியில் நின்றுகொண்டு நான் 14416 என்ற எண்ணை அழைத்தேன். எனக்காக அழைக்கவில்லை, திண்டுக்கல் பக்கம் சின்ன வெங்காயம் போட்டுக்கொண்டிருக்கும் என் அண்ணனுக்காக அழைத்தேன். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், 'டெலி மானஸ்' என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவைக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை தலைமை மையமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரிலும் அறியப்படுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆனால் மனம் நொந்தவர்தாம் அழைக்க வேண்டும் என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரோடு ஒரே வீட்டில் இருந்து செய்வதறியாமல் விழிப்பவரும் அழைக்கலாம் என்பதைப் பிறருக்குச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு என்ன நோய் என்று ஆறு மாதமாக எங்களுக்குத் தெரியவில்லை. வயிறு உப்புகிறது, நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்று சொல்வார். நாங்களும் கேஸ் டிரபிள் என்று முடிவுகட்டி, மாத்திரையும் சூரணமும் வாங்கிக் கொடுத்தோம். எண்டோஸ்கோப்பி கூட எடுத்துப் பார்த்தாகிவிட்டது. அதிகாலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பதையும், பேரக்குழந்தை வந்து மடியில் ஏறினாலும் முகம் மலராததையும் அண்ணி சொன்னபோது, வெங்காய விலை விழுந்த கவலை, போகப்போகச் சரியாகிவிடும் என்று நானே சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அழைப்பில் முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பதிவுக் குரல் வந்தது. சற்று நேரத்தில் ஒரு பெண் ஆலோசகர் பேசினார். நான் கோர்வையில்லாமல் கொட்டியதை அவர் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்பு ஆசையாகச் செய்தவற்றை இப்போது செய்கிறாரா, குடிப்பழக்கம் உண்டா, சாவைப் பற்றி ஏதாவது பேசினாரா. பேசினார் என்றேன். 'நான் இல்லாட்டி உங்களுக்குப் பாரம் குறையும்' என்று முந்தின நாள் அவர் சொன்னதை நான் கூறியதும், அந்த அம்மையார் கேட்ட அடுத்த கேள்வி, வீட்டிலோ தோட்டத்திலோ பூச்சி மருந்து எங்கே இருக்கிறது என்பதாகும்.

மருந்து மோட்டார் ரூமில் இருந்தது. பத்து நாளாக அண்ணன் படுப்பதும் அங்கேதான். இரண்டையும் நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அன்றிரவே அவரை வீட்டுக்கு அழைத்து வந்து தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளும்படியும், மருந்தை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கும்படியும் ஆலோசகர் சொன்னார். அப்படியே செய்தோம், மருந்து பெரியப்பா வீட்டுக்குப் போனது. சாக நினைப்பவர் எப்படியும் செத்துவிடுவார், எதைப் பூட்டி என்ன பயன் என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. அந்த வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் தணிந்துவிடுவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாதிருந்தால் உயிர் தப்பும். சென்னையில் 1986-இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் விவசாயிகள் தங்கள் மருந்தைப் பூட்டி வைக்கப் பொதுக் கட்டடம் அமைத்துப் பார்த்தது இந்த அடிப்படையில்தான்.

அவரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள் என்றும் ஆலோசகர் சொன்னார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயந்தேன். அப்படி நேராது, கேட்பதால் அவருக்குப் பாரம் இறங்கும் என்று விளக்கி, தைரியமாக இருங்கள் என்பது போன்ற அறிவுரைகளையும், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று குற்ற உணர்வை ஏற்றும் பேச்சையும் தவிர்க்கச் சொன்னார். திண்ணையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, 'உயிரை விட்டுடலாம்னு தோணுதாண்ணே?' என்று கேட்டேன். வெகுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, 'ரெண்டு தடவை தோணுச்சுடா' என்றார். அதன் பிறகு விடியும்வரை பேசினார். கடன் கணக்கு முழுவதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். மனச்சோர்வு என்று மருத்துவர் கூறி, மாத்திரை கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக்கூடாது, தேறிய பிறகும் சில மாதம் தொடர வேண்டும் என்று எங்களையும் உட்காரவைத்துச் சொன்னார். மூன்றாவது வாரம் அண்ணன் காபியில் சர்க்கரை குறைவு என்று குறை சொன்னபோது அண்ணி சமையலறைக்குள் போய் அழுதார்.

இதற்கு முன், கட்டணம் செலுத்தும் ஆலோசனைச் செயலி ஒன்றையும் முயன்றிருந்தேன். அதில் தமிழ் என்று போட்டிருந்தது மெனுவுக்கு மட்டுந்தான். ஆலோசகர் ஆங்கிலத்தில் பேசினார், நாற்பது நிமிடம் முடிந்ததும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மனசு பாரமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது என்று தமிழில் சொல்வதை அதே பொருளில் புரிந்துகொள்ளும் ஒருவர் எதிர்முனையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 14416-இல் பேசியபோதுதான் உணர்ந்தேன்.

தொலைபேசி ஆலோசனை சிகிச்சைக்கு மாற்றாகாது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பதும் வீட்டார் கையில்தான் இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே தமக்குத் தீங்கு செய்துகொண்டுவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தாமதிக்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொண்டு, தண்டனையிலிருந்து காத்து, அவருக்குச் சிகிச்சை தரும் பொறுப்பை அரசுக்கு அளித்திருக்கிறது. அழைக்கும்போது மற்றவர் காதில் விழாத இடமாகப் பார்த்து, தூக்கம், சாப்பாடு, தற்போது எடுக்கும் மருந்துகள் ஆகிய விவரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 14416 கிடைக்காவிட்டால் 1800 891 4416 என்ற எண்ணிலும் இதே சேவையைப் பெறலாம்.