லேடாங் ஏற எந்தப் பக்கம்? அசகானிலிருந்து கிளம்புவோருக்கு

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து அசகானில் செம்பனை வரிசை முடியும் இடத்தில் நின்று பார்த்தால் குனோங் லேடாங் மலை எட்டிப் பிடிக்கலாம் போலத் தெரியும். “இப்படியே தோட்டத்துக்குள்ள பூந்து ஏறிட்டா என்னண்ணே?” என்று பையன்கள் கேட்பது அதனால்தான். இந்த வட்டாரத்தில் இராணுவத்தின் லாப்பாங் சாசார், அதாவது சுடுதளம், இருக்கிறது. அதனால் குறுக்கு வழியைக் கணக்கிலேயே சேர்க்கக்கூடாது. மிச்சம் மூன்று தேர்வுகள்: லேடாங் உச்சிக்குச் சாகில், அருவிக்கு அசகான், இல்லையென்றால் வேறொரு மலையான குனோங் டத்தோ.

உச்சிதான் வேண்டுமென்றால் சாகில். தங்காக் போய், சிகாமட் சாலையில் திரும்ப வேண்டும். 1,276 மீட்டர் உச்சி ஜொகூர் எல்லைக்குள் இருப்பதால், ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு ஏற வேண்டும். செலவு கூடுதல்தான். ஆனால் பாதை தெளிவானது, உள்ளே போனவர் எத்தனை பேர் என்ற கணக்கும் வாசலில் இருக்கும். மேலே பாறைகளில் கயிறும் ஏணியும் உண்டு, கையுறை கொண்டுபோங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். விடியலிலேயே ஏறத் தொடங்குங்கள். பிற்பகல் இடிமழையில் ஏணியில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகக் கிளம்பியவர்கள்தான்.

அசகான் அருவிப் பக்கம் கிட்டத்தில் இருக்கிறது, அரைநாள் போதும். அருவியோடு திரும்பிவிடுவதாக இருந்தால் நல்ல தேர்வு. அங்கிருந்து காட்டுக்குள் மேலேறுவது வேறு விஷயம். நிரந்தர வனக்காப்பகத்தில் வனத்துறை அனுமதியின்றி நுழைந்தால், 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய கவலை வெடிக்காத குண்டு. 1960களில் மலாக்காவின் தெரெண்டாக் இராணுவ முகாமிலிருந்த காமன்வெல்த் நாடுகளின் படையினரும் அசகானில் சுட்டுப் பழகினார்கள். அத்தனை ஆண்டுச் சுடுதலில் விழுந்ததெல்லாம் வெடித்திருக்கும் என்று நம்ப முடியாது. மோர்ட்டார் (சிறு பீரங்கி) குண்டு சேற்றில் புதைந்தாலோ, கிளையில் பட்டுச் சாய்வாக விழுந்தாலோ, அதை வெடிக்கவைக்கும் முனை ஃபியூஸ் அடிபடாமல் போகலாம். மேல்கூட்டைத் துரு தின்னும். உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கும். பெருமழை அதை வெளியே தள்ளி ஓடையில் உருட்டிக்கொண்டுவரும். பார்ப்பதற்குத் துருப்பிடித்த குழாய்த் துண்டு மாதிரி இருக்கும், வாலில் இறக்கைத் தகடு இருந்தாலும் சேறு மூடியிருக்கும். பழைய இரும்பு என்று பாராங் கத்தியால் தட்டிப் பார்ப்பதுதான் உயிரை வாங்குகிறது. ஆகவே “இன்னிக்குச் சுடுற சத்தம் இல்ல” என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது.

அப்படி ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், கல் எறியாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி, நன்றாக விலகிய பிறகு 999க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். தடைசெய்த பகுதியைக் காட்டும் சிவப்புப் பலகையில் துப்பாக்கி நீட்டிய சிப்பாயும் கையைத் தூக்கிய ஆளும் வரைந்திருக்கும், தமிழிலும் எழுதியிருக்கும். அதைப் பார்த்த இடத்தோடு திரும்ப வேண்டும். பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம் என்று எண்ணவும் வேண்டாம், காட்டுக்கொடி ஒரே பருவத்தில் பலகையை மூடிவிடும். ரைபிள் தோட்டா 2 கிலோமீட்டர் தாண்டியும் பாயும். பயிற்சி நாள் எதுவென்று காவல் நிலையத்திலோ வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவிடமோ முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அருவியில் இன்னொன்று: கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்துவரும் வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் வந்தால் உடனே கரையேறுங்கள், துணிமணியை எடுக்க நிற்காதீர்கள்.

பிள்ளைகளோடு ஓர் உச்சியைத் தொட நினைப்பவர்களுக்கு நெகிரி செம்பிலானில் ரெம்பாவ் பக்கத்து குனோங் டத்தோதான் சரி. 884 மீட்டர், காலையில் ஏறி மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடலாம். செங்குத்து அதிகம், வேர்களில் கால் இடறும். உச்சிப் பாறையில் ஏணி இருப்பதால் சின்னப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து தாங்கி ஏற்ற வேண்டும். சாகிலுக்கு அனுமதி கிடைக்காத வாரத்தில் அசகான் காட்டைத் தேடாமல் இங்கே போங்கள்.