தராசை கேலிபரேஷனுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

220 கிராம் கொள்ளளவு, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் ஆய்வகத் தராசு. கேலிபரேஷன் (எடை தெரிந்த கற்களை வைத்துத் தராசைச் சரிபார்ப்பது) முடிந்தது என்று பச்சை ஸ்டிக்கரும் ஒரே பக்கச் சான்றிதழும் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள், வேலையை எடுத்த நிறுவனத்தார். கட்டணம் முழுதாக வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழைப் பிரித்துப் படித்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

பத்து எடைகளில் சோதித்ததாக அட்டவணை. பத்திலும் பிழை 0.0000. இந்த நுணுக்கத்தில் எந்தத் தராசும் அப்படிக் காட்டாது. ஒரே கல்லை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்தாலே கடைசி இலக்கம் ஆடும்.

அதைவிட மோசம், பயன்படுத்திய எடைக்கற்களின் தரம்: எம்1. அந்தத் தரத்தில் 200 கிராம் கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 10 மில்லிகிராம். அதாவது, தராசின் கடைசி இலக்கத்தைப் போல நூறு மடங்கு! இந்த வகைத் தராசுக்கு இ2 தரக் கல் வேண்டும். அதில் 200 கிராமுக்கு 0.3 மில்லிகிராம்தான் அனுமதி. எம்1 கல்லை வைத்துத் தராசை அட்ஜஸ்ட் செய்தால் கல்லின் பிழை தராசுக்குள் குடியேறிவிடும். 200 கிராமில் 10 மில்லிகிராம் என்றால் 50 கிராமில் 2.5 மில்லிகிராம்.

அடுத்தது, தராசைத் தங்கள் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனது. எலெக்ட்ரானிக் தராசு அளப்பது விசையை. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். ஒரு மாடி, அதாவது மூன்று மீட்டர், ஏற்றினாலே 200 கிராமில் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம் குறையும். ஆகவே தராசு இருக்கும் மேசையிலேயே கேலிபரேஷன் நடக்க வேண்டும். "எங்கள் லேபில் ஏசி இருக்கிறது" என்பது இதற்குப் பதில் ஆகாது.

சான்றிதழில் இல்லாதவையும் முக்கியம். அளவீட்டு ஐயப்பாடு, அதாவது முடிவு எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்ற வரம்பு, குறிப்பிடப்படவில்லை (அதற்கான பெருக்கு எண் k=2, சுமார் 95 சதவீத நம்பகம் என்று போட்டிருக்க வேண்டும்). கற்களின் சான்றிதழ் எண் இல்லை. அட்ஜஸ்ட் செய்வதற்கு முன் தராசு என்ன காட்டியது என்ற பதிவும் இல்லை. இதைத்தான் மன்னிக்க முடியாது. முந்தைய ஓராண்டில் இந்தத் தராசில் எடை போட்ட மாதிரிகள் சரியா, தப்பா என்று சொல்ல வேறு வழியே கிடையாது. அட்ஜஸ்ட் செய்திருந்தால், முன், பின் அளவுகள் கைவசம் இருக்கும்பட்சத்தில் இரண்டையும் தர வேண்டும் என்பது ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 விதி. 'அடுத்த தேதி' போடுவதும் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே. கேட்காமலே அதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சான்றிதழில் அங்கீகார முத்திரை இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்த அளவீடுகளுக்கு அங்கீகாரம் என்று சொல்லும் எல்லைப் பட்டியலில் 'நிறை' இருக்கிறதா, உங்கள் எடை வரம்புக்கு அவர்கள் தரக்கூடிய மிகக் குறைந்த ஐயப்பாடு எவ்வளவு என்று பாருங்கள். மின் அளவீட்டுக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டுத் தராசையும் தொடுபவர்கள் உண்டு.

வேலை முடிந்ததும், கையெழுத்துப் போடும் முன் நீங்களே சோதியுங்கள். தராசு சில மணி நேரமாக மின்சாரத்தில் இருக்க வேண்டும், மட்டக்குமிழ் நடுவில் நிற்க வேண்டும். 100 கிராம் கல்லை இடுக்கியால் எடுத்துத் தட்டின் நடுவிலும், நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில் நான்கு பக்கமும் வையுங்கள். கையால் தொட்டால் கல் சூடேறி, மேலெழும் காற்றில் எடை குறைவாகக் காட்டும். பிறகு அதே கல்லை நடுவில் பத்து முறை வைத்தெடுத்து, அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிடுங்கள். இடத்துக்கு இடம் காட்டும் வித்தியாசமோ இந்த விலக்கமோ தராசின் கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் பில்லை நிறுத்திவைத்து, எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் புகாரைப் பதிவுசெய்து விசாரித்தே ஆக வேண்டும்.