ஈயமும் ரத்தக் கொதிப்பும்: ரத்தத்தில் தேடுவதா, எலும்பில் தேடுவதா?

ஈயம் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதற்குப் போதுமான சான்று இருக்கிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அது குறைக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. சரி, சேர்ந்திருக்கும் ஈயத்தை எப்படி அளப்பது? இரண்டு வழி உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த ரத்தப் பரிசோதனை. ஊசி குத்தி எடுத்தால் முடிந்தது. ஆனால் ரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் இருபது வருடம் உழைத்தவர், வேலையை விட்டுச் சில வருடம் கழித்துப் பரிசோதித்தால், அந்த எண் வெகுவாக இறங்கியிருக்கும். அவர் உடம்பு பட்ட பாடு அதில் முழுதாகத் தெரியாது.

ஏனென்றால், பெரியவர்கள் உடம்பில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் தங்குகிறது, அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. அதை எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு) என்ற கருவியால், முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பிலும் முழங்கால் சில்லிலும் வலியில்லாமல் அளக்கலாம். பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களை 1960களிலிருந்து தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வில், 1996இல் வெளியான முடிவு என்னை உலுக்கியது. எலும்பில் ஈயம் மிகுந்தவர்களுக்கு, குறைந்தவர்களைவிட ரத்தக் கொதிப்பு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதே ஆட்களின் ரத்த ஈய அளவு அப்படித் தெளிவான தொடர்பைக் காட்டவில்லை.

ஆகவே கொதிப்பு பற்றிய கேள்விக்கு எலும்புதான் நம்பகமான சாட்சி என்பது என் கருத்து. சிக்கல் என்னவென்றால், அந்தக் கருவி சில ஆராய்ச்சிக் கூடங்களில்தான் இருக்கிறது. பக்கத்து லேபில் கேட்டால் கிடைக்காது.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிவிடவும் முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயும்போது, அதில் பதுங்கிய ஈயம் மீண்டும் ரத்தத்துக்கு வருகிறது. அமெரிக்காவில் 40 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், ரத்த ஈயத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு மாதவிடாய் நின்றவர்களிடம்தான் அதிகம் தெரிந்தது. 2003இல் வெளியான முடிவு அது.

இப்போது ஈயத்தோடு வேலை செய்பவர் ரத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்வதே சரி, புதிதாகச் சேர்வதை அது உடனே காட்டும். வேலையை விட்டுப் பல வருடமானவருக்குக் கொதிப்பு வந்தால், ரிப்போர்ட்டில் எண் குறைவு என்று அதோடு விட்டுவிடக் கூடாது. எங்கே, எத்தனை வருடம் ஈயத்தோடு இருந்தோம் என்பதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.