மண்ணால் எழுந்த இரண்டு பள்ளிகள்: காண்டோவா, ருத்ராபூரா?

நான் படித்த தொடக்கப்பள்ளிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பங்குனி பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. டீச்சர் எங்களைக் கிளப்பிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார வைப்பார்; கரும்பலகையைத் தூக்கி வர இரண்டு பையன்கள். மழை பெய்தால் வேறு தொல்லை: கூரை போடும் சத்தத்தில் டீச்சர் பேசுவது கடைசி வரிசைக்குக் கேட்காது. அதனால் கிராமத்துப் பள்ளியை எப்படிக் கட்டலாம் என்று யார் பேச்செடுத்தாலும் நான் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். சுவரெல்லாம் அப்புறம்தான்.

இயற்கைக்கு இசைந்த பள்ளிக்கட்டிடம் என்றதும் உலகம் முழுக்கச் சுட்டிக்காட்டும் பெயர்கள் இரண்டு. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாஸோ நாட்டின் காண்டோ கிராமத் தொடக்கப்பள்ளி (2001). மற்றது, வங்கதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராபூர் கிராமத்து மெட்டி (METI என்ற கல்வி நிறுவனத்தின்) பள்ளி (2005). இரண்டும் மண். இரண்டையும் ஊர்க்காரர்களே கட்டினார்கள். இரண்டுக்கும் ஆகா கான் கட்டிடக்கலை விருது கிடைத்தது: காண்டோவுக்கு 2004இல், ருத்ராபூருக்கு 2007இல். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள். அது தவறு. மண்ணை என்ன செய்வது என்ற இடத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

காண்டோவைக் கட்டிய ஃபிரான்சிஸ் கேரே அந்த ஊர்ப்பிள்ளை. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் ஏழு வயதில் வீட்டைவிட்டு வெளியூர் போய்ப் படித்தவர். பின்னாளில் தச்சுத்தொழில் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி போய், பெர்லினில் கட்டிடக்கலை படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே பணம் திரட்டித் தன் ஊருக்குப் பள்ளி கட்ட வந்தார். மண்ணில் கட்டலாம் என்று அவர் சொன்னபோது ஊரார் நம்பவில்லை. மண்சுவர் ஒரு மழைக்காலம் தாங்காது என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை. ஜெர்மனி போய்ப் படித்தவன் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டு வருவான் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஏமாற்றமும் இருந்திருக்கும். நம்மூரிலும் இதே கதைதான். மண்வீடு என்றால் இல்லாதவர் வீடு என்றே பழகிவிட்டோம்.

கேரே மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல்லாக்கினார். சூளை இல்லை, விறகு இல்லை. அஸ்திவாரத்துக்குப் பிள்ளைகள் கல் பொறுக்கி வந்தார்கள். கல் அறுக்கப் பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். தரை போட்ட விதம் நம் பாட்டிமார்களுக்குப் புரியும்: மண்ணைக் கொட்டி, வரிசையாக நின்று மணிக்கணக்காகத் தட்டி இறுக்கி, பிறகு பெண்கள் முழங்காலிட்டுக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள்.

ஆனால் காண்டோவின் உயிர் கூரையில் இருக்கிறது. வகுப்பறைக்கு மேலே கான்கிரீட் உத்தரங்களும் மண்கல்லும் சேர்ந்த உட்கூரை. அதற்கும் மேலே, இடைவெளி விட்டு, கட்டிடக் கம்பியை வெட்டி வெல்டிங் செய்த ட்ரஸ் (கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டகம்) மீது தகரக் கூரை. வெயில் தகரத்தைக் காய்ச்சுகிறது. தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள காற்று சூடாகி மேலெழுந்து வெளியேறுகிறது. அது போகும் வேகத்தில் வகுப்பறையின் வெப்பக்காற்றை உட்கூரையின் துளைகள் வழியாக இழுக்கிறது. அந்த இடத்துக்குச் சாய்பலகை ஜன்னல்கள் வழியே புதுக்காற்று வருகிறது. வெயில் ஏற ஏறக் காற்றோட்டம் கூடுகிறது. 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மின்விசிறி இல்லாமல், தகரத்தை எதிரியாக இல்லாமல் வேலையாளாக மாற்றியிருக்கிறார். கம்பி ட்ரஸ் போட்டதிலும் கணக்கு உண்டு. அந்த ஊருக்குக் கிரேன் வராது, பெரிய உத்தரங்களை ஏற்றிவர வழியும் இல்லை. கைரம்பமும் சிறிய வெல்டிங் மெஷினும் போதும் என்று வடிவமைத்து, ஊர் இளைஞர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

ருத்ராபூர் வேறு நிலம், வேறு வானம். பருவமழை கொட்டும், காற்றில் ஈரம் நிற்கும். அன்னா ஹெரிங்கர் பத்தொன்பது வயதில் தீப்ஷிகா என்ற தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக வந்து அந்தக் கிராமத்தில் தங்கியவர். பிறகு ஆஸ்திரியாவில் கட்டிடக்கலை படித்து, ஐக்கே ரோஸ்வாக் என்பவரோடு சேர்ந்து இந்தப் பள்ளியைக் கட்டினார். இங்கே அச்சும் இல்லை, மண்சுவரில் சிமென்ட்டும் இல்லை. ஈரமண்ணில் வைக்கோலைப் போட்டு மாடுகளையும் எருமைகளையும் சுற்றிச்சுற்றி மிதிக்க விட்டார்கள். குழைந்த மண்ணை அள்ளி அள்ளிச் சுமார் இரண்டடி உயரத்துக்குச் சுவராக வைத்து, சில நாள் கழித்து மண்வெட்டியால் பக்கங்களைச் செதுக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு. கீழ்த்தளம் முழுக்க இப்படி எழுந்த தடித்த சுவர். மேல்தளம் மூங்கில், அதன் கூரைக்கடியில் வண்ணவண்ணச் சேலைத்துணிகள் தொங்குகின்றன.

அந்தப் பகுதியில் மண்வீடு புதிதில்லை. ஆனால் பழைய வீடுகளுக்குக் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், கிடையாது. தரையிலிருந்து ஓதம் (ஈரக்கசிவு) ஏறிச் சில ஆண்டுகளில் சுவரின் அடி கரைந்துவிடும். ஹெரிங்கர் குழு செய்த பெரிய திருத்தம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: சுட்ட செங்கல்லில் கடைக்கால், அதன்மேல் ஓதத்தைத் தடுக்க இரட்டை பிளாஸ்டிக் தாள். மேலே இறவாரத்தை நன்றாக நீட்டிச் சாரலைத் தடுத்தார்கள். மண்சுவருக்குக் காலில் செருப்பும் தலையில் குடையும் கொடுத்தால் போதும் என்பது பழைய அறிவு. அதைத்தான் திரும்பச் செய்தார்கள்.

இப்போது ஒப்பிடுவோம். மண்ணுக்கு எது நேர்மை என்று கேட்டால் ருத்ராபூர். நாளை அந்தக் கட்டிடம் வேண்டாம் என்றால் கீழ்த்தளச் சுவர் வயலுக்கே திரும்பிவிடும். சிமென்ட் கலந்த காண்டோ கல் அப்படிக் கரையாது. பிள்ளைகளுக்கு எது இனிது என்று கேட்டாலும் நான் ருத்ராபூர் பக்கம்தான். அதன் மூன்று கீழ்த்தள வகுப்பறைகளுக்கும் பின்னால் மண்ணைக் குடைந்தாற்போல் சின்னச்சின்னக் குகைகள். குழந்தை உள்ளே நுழைந்து ஒண்டிக்கொள்ளலாம், படிக்கலாம், தோழியோடு ரகசியம் பேசலாம். ஆறு வயதுக் குழந்தைக்கு உட்கார பெஞ்சு மட்டும் போதாது, ஒளிய இடமும் வேண்டும் என்று ஒரு கட்டிடம் நினைத்திருக்கிறது. காண்டோவின் 7க்கு 9 மீட்டர் வகுப்பறைகளில் அந்தக் கொஞ்சல் இல்லை. வகுப்புகளுக்கு இடையே விட்ட நிழல்முற்றங்கள் ஓரளவு ஈடு செய்கின்றன.

ஆனால் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளிக்கு எதை முன்மாதிரியாக எடுப்பீர்கள் என்றால் தயங்காமல் காண்டோ என்பேன். குழைமண் சுவர், காயும் நாளுக்காகக் காத்திருக்கும். இடையில் மழை பிடித்தால் வேலை நிற்கும். ருத்ராபூரில் செப்டம்பரில் தொடங்கி டிசம்பருக்குள் முடித்தார்கள். அதற்கு அனுபவமுள்ள கண் ஒன்று தினமும் கூடவே நிற்க வேண்டியிருந்தது. அழுத்திய கல்லைக் கோடையிலேயே அறுத்து அடுக்கிவைக்கலாம், ஒரு கல் சரியில்லையென்றால் அதை மட்டும் ஒதுக்கலாம், எந்தக் கொத்தனாரும் கட்டலாம். பிள்ளைகள் பெருகியபோது காண்டோவில் அதே முறையில் கூடுதல் வகுப்பறைகள் எழுந்தன.

இன்னொரு காரணம், எழுதும்போதே மனம் கனக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதைக் கேட்டு அழுத ஊரில், மூங்கில் மாடியும் தொங்கும் துணியும் எவ்வளவு அழகாக இருந்தாலும், மாடிக்கு இரண்டு படிக்கட்டு எங்கே, சமையல் எங்கே நடக்கிறது என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. காண்டோவின் மண்கல்லும் தகரமும் அந்த பயத்தைத் தருவதில்லை.

ஆகவே என் கையில் கொடுத்தால்: காண்டோவின் சுவரும் இரட்டைக் கூரையும், ருத்ராபூரின் ஓதத்தடுப்பும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மண்குகையும். அழுத்திய மண்கல்லுக்கு நாம் ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. ஆரோவில்லில் உள்ள மண் கட்டிடக்கலை நிறுவனம் உருவாக்கிய கைவிசை அச்சு இங்கேயே இருக்கிறது. பொதுவாக 5 சதவீதம் சிமென்ட் போதும் என்கிறார்கள். ஆனால் மண்ணில் ஏறக்குறைய பாதி மணலும் ஐந்தில் ஒரு பங்கு களிமண்ணும் இருந்தால்தான் கல் நன்றாக வரும். வரைபடம் போடுவதற்கு முன்னால் பள்ளி வளாகத்தில் மூன்றடி தோண்டி ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியிலும் களிமண் மேலேயுமாகப் படியும். அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.