ஈப்ராம் பலகை வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 25 வோல்ட் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பாருங்கள்

பழைய எஸ்-100 வகைக் கணினிகளுக்கு ஈப்ராம் (புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகச் சிப்) எழுதும் விரிவாக்கப் பலகையை ஒயரிங் செய்து, சோதித்து, சிப்களோடு சேர்த்து அனுப்புவதாகச் சொல்லிக் காசு வாங்கும் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

"2716, 2732 இரண்டையும் எழுதலாம், ஜம்பரை மாற்றினால் போதும்" என்பது அவர் கொடுத்த வாக்கு. (2716, 2732 இரண்டும் ஈப்ராம் வகைகள்; ஜம்பர் என்பது இணைப்பை மாற்றும் சிறு செருகி.) 2716 ஒழுங்காகவே எழுதியது. ஜம்பரை மாற்றி 2732-ஐ வைத்தேன். 4096 பைட், பைட்டுக்கு 50 மில்லிசெகண்ட் என்று முழுச் சிப்பும் முடியச் சுமார் மூன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் சிப்பின் மேல் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடு. திரும்பப் படித்தால் வெறும் குப்பை. புற ஊதா விளக்கில் அழித்தால் எல்லா இடத்திலும் எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1) வர வேண்டும், அதுவும் வரவில்லை. அடுத்த சிப்புக்கும் அதே கதி.

கேட்டதும் அவர் பழியை என் தலையில் போட்டார்: "நிலைமின்சாரத்தில் போயிருக்கும், இல்லையென்றால் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள்." இரண்டும் இல்லை. பலகையைத் திருப்பிவைத்து, சாக்கெட்டிலிருந்து ஒவ்வோர் ஒயராகத் தொடர்ந்து பார்த்தேன்.

2716-இல் எழுதுவதற்கான 25 வோல்ட் 21ஆம் பின்னுக்குப் போக வேண்டும். 2732-இல் அதே 21ஆம் பின், எந்தப் பைட் என்று காட்டும் முகவரிப் பின்களில் ஒன்றான ஏ11. அங்கே 25 வோல்ட் 20ஆம் பின்னுக்கு மாற வேண்டும். 18ஆம் பின்னுக்குப் போகும் துடிப்பின் திசையும் மாற வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்திருந்தார். ஆனால் அவருடைய ஜம்பர் 25 வோல்ட்டை 20-க்குக் கொண்டுபோனதே தவிர, 21-இலிருந்து எடுக்கவில்லை. சாதாரண லாஜிக் மின்னழுத்தத்துக்கான பின்னில் 25 வோல்ட்! ஏ11 ஒயர் அந்தச் சாக்கெட்டுக்கு வரவே இல்லை. ஏ11 இல்லாமல் 2732-இன் ஒரு பாதியான 2048 பைட்டை யாராலும் எழுத முடியாது. அப்படியானால் இந்தப் பலகையில் ஒரு 2732-ஐக்கூட அவர் எழுதிப் பார்த்ததில்லை. "சோதித்து அனுப்புகிறேன்" என்றது அப்பட்டமான பொய்.

இதைவிட எனக்குக் கோபம் வந்தது சிப்களைப் பார்த்தபோதுதான். மீதியிருந்தவற்றை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். 2732 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்தின் இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் சுரண்டிய 'ஏ' எழுத்தின் தடம். அவை 2732ஏ. அவற்றுக்கு எழுதும் மின்னழுத்தம் 21 வோல்ட். 22-ஐத் தாண்டக் கூடாது. ஒயரிங் சரியாக இருந்திருந்தாலும் 25 வோல்ட் அவற்றைக் கொன்றிருக்கும். ஓர் எழுத்தைத் தேடிச் சுரண்டுகிறவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா?

இன்னொரு குறையும் உண்டு. மின்சாரத்தை நிறுத்தியதும் 5 வோல்ட் உடனே இறங்குகிறது, 25 வோல்ட் மட்டும் கெப்பாசிட்டரில் சில நொடிகள் தங்கியிருக்கிறது. முறை இதற்கு நேர்மாறு. 25 வோல்ட் 5 வோல்ட்டுக்குப் பிறகே வர வேண்டும், அதற்கு முன்பே போய்விட வேண்டும்.

இவ்வளவையும் படங்களோடு அனுப்பினேன். "ஒயரிங் செய்த பலகையைத் திரும்ப எடுப்பதில்லை" என்று கையை விரித்துவிட்டு, அதன்பின் பதிலே போடவில்லை.

யாரிடம் வாங்கினாலும், காலிச் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து, எழுதும் நிலையிலும் படிக்கும் நிலையிலும் 18, 20, 21ஆம் பின்களை அளந்துவிடுங்கள். நிறுத்தியபின் எது முதலில் இறங்குகிறது என்றும் பாருங்கள். 25 வோல்ட் பின்னுக்கும் தரைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். நொடிக்குள் எகிறித் தணியும் மின்னழுத்தம் மல்டிமீட்டரில் தெரியாது, ஆஸிலோஸ்கோப் கிடைத்தால் அதில் பாருங்கள். 2732 என்று வருகிற சிப் எதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் 21 வோல்ட்டில் தொடங்குங்கள். அந்த மின்னழுத்தத்தில் சரியாகப் பதியாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். 25-இல் தொடங்கினால் அந்த வாய்ப்பு இருக்காது.

இதே போன்ற பலகை ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், 21ஆம் பின்னின் ஒயரைக் கழற்றி, ஏ11-க்கும் 25 வோல்ட்டுக்கும் இடையே மாறும்படி தனி ஜம்பர் போடும்வரை 2732 எதையும் அதில் செருகாதீர்கள்.