அல்சூர் மாடி ஹால்ல மூணு ஜியாலோ படம்: போகலாமா?

நேரா விஷயத்துக்கு வரேன். பெங்களூர்ல இருக்கீங்க, கொலை மர்மப் படம்னா உசுருன்னா, அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல ஒரு பழைய பில்டிங் மாடில நடக்குற வீக்கெண்ட் ஸ்க்ரீனிங்குக்கு கண்டிப்பா போங்க. நான் போன சனி ஞாயிறு ரெண்டு நாள்ல மூணு இத்தாலியப் படம் போட்டாங்க, மூணுமே ஜியாலோ. போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, வாட்ஸ்அப்ல ஒருத்தர் சொல்லி ஒருத்தர் வர்ற கூட்டம்தான், பேரைப் போட்டு எழுதாதீங்க இடம் பத்தாதுன்னு அவங்களே கேட்டுக்கிட்டதால நானும் போடல. டிக்கெட் மால்ல ஒரு பாப்கார்னுக்கு குடுக்குற காசுதான், டீயும் சமோசாவும் அதுலயே வந்துடும்.

ஜியாலோ கேள்விப்படாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். 1929ல மொண்டடோரின்னு ஒரு இத்தாலிய பதிப்பகம் மஞ்ச அட்டை போட்டு துப்பறியும் நாவல் விட ஆரம்பிச்சாங்க, நம்ம ரயில்வே ஸ்டேஷன் கடைல தொங்கும்ல மாத நாவல், அந்த மாதிரி ஜனங்க வாங்கிப் படிச்சாங்க, இத்தாலியன்ல ஜியாலோன்னா மஞ்சள், போகப்போக அந்த நிறமே அங்க மர்மக் கதைக்கு பேராயிடுச்சு, 60கள்ல சினிமாவுக்கும் வந்துடுச்சு. கருப்பு லெதர் கிளவுஸ் போட்ட ஒரு கை, அதுல சவரக் கத்தி, மூஞ்சி கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க. போலீஸ் இருப்பாங்க ஆனா ஒண்ணும் கிழிக்க மாட்டாங்க, ஏதோ வேலையா அந்த ஊருக்கு வந்த ஒரு ஆள்தான் கொலைய கண்ணால பாத்துட்டு தூக்கம் போயி தானே கண்டுபிடிக்க கிளம்புவான்.

இதுல கதை லாஜிக்கெல்லாம் எதிர்பாத்து போனா கடுப்பாவீங்க. கொலைகாரன் ஏன் கொன்னான்னு கடைசில சொல்ற காரணம் பல படத்துல சும்மா ஒப்புக்குதான் இருக்கும். ஆனா நல்ல ஜியாலோ ஒரு வேலை பண்ணும், விடைய ஆரம்பத்துலயே நம்ம கண்ணு முன்னாடி வச்சுட்டு நம்மள பாக்க விடாம பண்ணிடும். டைரக்டர் மறைக்க மாட்டான், ஃப்ரேம்லயே வச்சிருப்பான், நாம வேற எங்கயோ பாத்துட்டு இருப்போம். அதனாலதான் சொல்றேன், இத ஃபோன்ல பாத்தா பாதி கூட கிடைக்காது, அந்தப் படம் விளையாடுற ஆட்டமே நம்ம கண்ணோடதான், இருட்டுல இருக்குறது இருட்டா தெரியணும், ஓரத்துல இருக்குறது ஓரத்துல தெரியணும். இந்த இடத்த நான் இவ்ளோ தூக்கிப் பேசுறதுக்கு காரணம் அதுதான். சுவரு சீலிங் எல்லாம் கருப்பு பெயிண்ட், ஜன்னலுக்கு தடிமனா திரை, வெளிய ரோட்டு லைட் ஒரு பொட்டு உள்ள வராது.

சனிக்கிழமை முதல் படம் மரியோ பாவாவோட 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்', 1964. பாவா டைரக்டர் ஆகுறதுக்கு முன்னாடி கேமராமேன், அது ஒவ்வொரு ஷாட்லயும் தெரியும். ஒரு ஃபேஷன் ஹவுஸ், மாடல் பொண்ணுங்க ஒவ்வொருத்தரா சாகுறாங்க, கொலைகாரன் மூஞ்சில வெள்ளைத் துணி, கண்ணு மூக்கு எதுவும் இல்லாத ஒரு முகம், மேல தொப்பி. ராத்திரி ஒரு பொண்ணு பழம்பொருள் கடைக்குள்ள தனியா மாட்டிக்குவா, வெளிய இருந்து ஒரு லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஊதா, லைட் வந்தா சிலை தெரியும், போனா ஒண்ணும் தெரியாது, மறுபடி வந்தா அதே இடத்துல நிக்கிறது சிலையா ஆளான்னு நமக்கு டவுட் வந்துடும். லேப்டாப்ல பாத்தப்போ அந்த ஊதா எல்லாம் கலங்கி சேறா தெரிஞ்சுது எனக்கு. இங்க அந்த கலர் அப்படியே சுவரேறி நிக்குது. படத்த எடுக்க பாவாகிட்ட பெரிய பட்ஜெட்டெல்லாம் இல்ல, எல்லாம் லைட்ட வச்சே பண்ணிருக்காரு மனுஷன்.

ரெண்டாவது டாரியோ அர்ஜெண்டோவோட முதல் படம், 'தி பேர்ட் வித் தி கிரிஸ்டல் ப்ளூமேஜ்', 1970. ரோம்ல இருக்குற ஒரு அமெரிக்க எழுத்தாளன் ராத்திரி நடந்து போறான், ரோட்டோரம் ஒரு ஆர்ட் கேலரி, உள்ள ஒரு பொண்ணும் கருப்பு கோட்டு போட்ட ஒரு உருவமும் கத்தியோட மல்லுக்கட்டுறாங்க. இவன் காப்பாத்த ஓடுவான், ரெண்டு கண்ணாடிக் கதவுக்கு நடுவுல மாட்டிக்குவான். உள்ளயும் போக முடியாது வெளியவும் போக முடியாது, சத்தம் கூட கேக்காது, அந்தப் பொண்ணு ரத்தத்தோட தரையில ஊர்ந்து வர்றத பாத்துக்கிட்டே நிக்கணும். தியேட்டர்ல உக்காந்திருக்குற நம்ம நிலைமையும் அதேதான, பாக்கலாம், ஒண்ணும் பண்ண முடியாது. அவன் பாத்ததுல ஏதோ ஒண்ணு இடிக்குது, எதுன்னு பிடிபடல, முழுப் படமும் அந்த ஒரு காட்சிய அவன் மண்டைக்குள்ள ஓட்டி ஓட்டி பாக்குறதுதான். கேமரா விட்டோரியோ ஸ்டோராரோ, மியூசிக் என்னியோ மோரிகோனே, முதல் படத்துக்கே இப்படி ஒரு டீம்.

குறை சொல்லணும்னா இங்கதான். நூறு நிமிஷம் கூட இல்லாத படத்துக்கு நடுவுல இன்டர்வல் விட்டுட்டாங்க, சமோசா சூடா குடுக்கணுமாம். டென்ஷன் அப்படியே இறங்கிடுச்சு. அப்புறம் சப்டைட்டில் வெள்ளை கலர், அந்த ஆர்ட் கேலரியும் வெள்ளை, பல வரி படிக்கவே முடியல. சப்டைட்டில மஞ்சளுக்கு மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை, தயவுசெஞ்சு பண்ணுங்க. சேர் மெத்தை மெலிசு, முதுகு வலி இருக்குறவங்க ஒரு குஷன் எடுத்துட்டு போங்க.

ஞாயித்துக்கிழமை 'டீப் ரெட்', 1975, அர்ஜெண்டோதான். மூணுல பெஸ்ட் இதுதான், சந்தேகமே வேணாம். இதுக்கு வெளிநாட்டுக்குன்னு வெட்டின இங்கிலிஷ் வெர்ஷன் ஒண்ணு இருக்கு, இருபது நிமிஷத்துக்கு மேல காலி. இவங்க போட்டது ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓடுற முழு இத்தாலிய வெர்ஷன், அதுக்கே தனியா நன்றி சொல்லணும். வெட்டுனதுல நிறைய போனது ஹீரோவுக்கும் அந்த ரிப்போர்ட்டர் பொண்ணுக்கும் நடுவுல நடக்குற சண்டையும் சிரிப்பும்தான், ரெண்டு பேரும் கை மல்லுக்கட்டுவாங்க, அவதான் ஜெயிப்பா, அவளோட குட்டி ஃபியட்ல இவன் சீட்டு மட்டும் உடைஞ்சு கீழ போயிருக்கும், பக்கத்துல அவ ராணி மாதிரி உயரத்துல உக்காந்திருப்பா. இதெல்லாம் இருந்தாதான் அடுத்து வர்ற கொலை நெஞ்சுல இடிக்கும். ஹீரோ டேவிட் ஹெம்மிங்ஸ் இங்கிலாந்து நடிகர், இத்தாலியன்ல வேற குரல், சில பேருக்கு இது உறுத்துச்சு போல. அங்க அப்போ பெரும்பாலும் படம் முடிச்சு அப்புறம்தான் குரல் போடுவாங்க, ஆளாளுக்கு அவங்கவங்க பாஷைல பேசி நடிப்பாங்க. வேற ஒருத்தர் குரல்ல ஹீரோயின் பேசுறத சின்ன வயசுலேந்து பாத்து வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்ல.

சவுண்டுக்கு இவங்களுக்கு முழு மார்க். காப்ளின்னு ஒரு ராக் பேண்ட்தான் மியூசிக், அந்த பேஸ் கிடார் சத்தம் சேர் வழியா முதுகுல ஏறுது. கொலைக்கு முன்னாடி ஒரு குழந்தைப் பாட்டு டேப்ல ஓடும், ஹால்ல ஒரு மூச்சு சத்தம் இல்ல. அப்புறம் ஒரு ப்ரொஃபசர் ராத்திரி வீட்ல தனியா இருப்பாரு, திடீர்னு கதவு திறந்து சாவி குடுத்த பெரிய பொம்மை ஒண்ணு சிரிச்ச மூஞ்சியோட அவர பாத்து விறுவிறுன்னு வரும் பாருங்க, எனக்குப் பின்னாடி இருந்த அக்கா "அய்யோ முருகா"ன்னு கத்திட்டாங்க, பக்கத்துல என் அத்தை பையன் என் கைய புடிச்சவன் அந்த சீன் முடியுற வரைக்கும் விடல. படத்தோட ஆரம்பத்துல ஹீரோ ஒரு காரிடார்ல ஓடுவான், ரெண்டு பக்கமும் பெயிண்டிங். அதுக்கு மேல சொல்ல மாட்டேன். கடைசில உண்மை தெரியும்போது ஹால்ல பாதிப் பேரு "ஏய், நிஜமாவே அங்க இருந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டாங்க. இருந்துச்சு. கொலைகாரனோட கிளவுஸ் போட்ட கை வர்ற ஷாட்ல எல்லாம் இருக்குறது அர்ஜெண்டோவோட சொந்த கைதான், அத தெரிஞ்சுக்கிட்டு பாத்தா இன்னும் பயமா இருக்கும்.

ஒண்ணு ஓபனா சொல்லியாகணும். இந்தப் படங்கள்ல பொண்ணுங்க சாகுறத கேமரா ரொம்ப நேரம், ரொம்ப அழகா காட்டும். பாவா படத்துல அது எனக்கு நிஜமாவே சங்கடமா இருந்துச்சு, அழகா இருக்குங்குறதுக்காக அத சரின்னு சொல்ல என்னால முடியாது. குழந்தைங்கள கூட்டிட்டு போகாதீங்க, ரத்தம் ஒத்துக்காதவங்களும் வேணாம்.

நடத்துறவரு கன்னடக்காரர், அல்சூர்லயே வளர்ந்தவரு, தமிழ் தண்ணி மாதிரி பேசுவாரு. டீ குடிக்கிறப்போ கேட்டேன், "அண்ணா, 'நூறாவது நாள்' பாத்திருக்கீங்களா?" "விஜயகாந்த் படம்தானேப்பா, மொட்டை சத்யராஜ், பாத்திருக்கேன், ஏன்?" 1984ல மணிவண்ணன் எடுத்த அந்தப் படத்துக்கு மூலமே 1977ல லூசியோ ஃபுல்சி எடுத்த 'செட்டே நோட்டே இன் நேரோ'ங்குற ஜியாலோதான், நடக்கப்போற கொலை ஒரு பொண்ணுக்கு முன்கூட்டியே கண்ணுல தெரியுற கதை. இத சொன்னதும் சுத்தி இருந்த நம்மாளுங்க எல்லாம் கூடிட்டாங்க, சின்ன வயசுல அந்தப் படம் பாத்து ராத்திரி பாத்ரூம் போக பயந்த கதையா வந்து கொட்டுது. ஜியாலோ நமக்கு புதுசே இல்லங்க, இளையராஜா மியூசிக்கோட நாம எப்பவோ பாத்தாச்சு. ரெண்டு படத்தையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து போடுங்கன்னு கேட்டிருக்கேன், தமிழ் பிரிண்ட் நல்லதா கிடைச்சா பண்றேன்னு சொல்லிருக்காரு. நீங்களும் போனா கேளுங்க, நாலு பேர் கேட்டா நடக்கும்.

போறவங்களுக்கு: ஹலசூரு (அல்சூர்தான்) மெட்ரோல இறங்கி ஆட்டோ புடிங்க, அந்தத் தெருவுல பைக் நிறுத்தவே இடம் இல்ல. முதல் வரிசை வேணாம், படம் ரொம்ப அகலம், கழுத்து வலிக்கும். நடு வரிசை புடிக்கணும்னா அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க.